கடன் தீர்த்த கியூரி அம்மையார்

கியூரி அம்மையாரைப் பற்றிக் கட்டுரை எழுதாத மாணவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. பள்ளியில் ஒரு முறை, கல்லூரியில் ஒரு முறை, பேச்சுப் போட்டிக்காக ஒரு முறை என்று குறைந்தது மூன்று முறையாவது அவர் நம் கையில் அகப்பட்டிருப்பார். ரேடியத்தைக் கண்டுபிடித்தார், இரண்டு முறை நோபெல் பரிசு பெற்றார், தம் கண்டுபிடிப்புக்கே தம் உயிரைக் கொடுத்தார், ஆகவே நாமும் அவர்போல் உழைப்போமாக என்று முடித்து, மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். அவற்றில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளில் எல்லாம் ஒரு செய்தி மட்டும் ஓரமாக, ஒரே வரியில் வந்து போய்விடும். அவர் பிரெஞ்சு நாட்டவர் அல்லர். போலந்திலிருந்து படிப்பதற்காகப் பாரிஸ் வந்தவர். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பிவிடும் எண்ணத்தோடு வந்தவர்.

வீட்டை விட்டு இத்தனை தூரம் வந்து, கடைத்தெருவில் தாய்மொழி காதில் விழாத ஓர் ஊரில், விடுதி அறையில் உட்கார்ந்து படிக்கிற நமக்கு அந்த ஒரு வரிதான் முதலில் கண்ணில் பட வேண்டும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் வார்ஸா நகரில் அவர் பிறந்தபோது, போலந்து என்ற ஒரு நாடு உலகப் படத்தில் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அந்நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. வார்ஸா நகரம் ரஷ்யப் பேரரசரான ஜாரின் பங்கில் விழுந்தது. பெற்றோர் வைத்த பெயர் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா. வீட்டார் மான்யா என்று அழைத்தனர். ஐந்து குழந்தைகளில் அவள் கடைக்குட்டி. தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். தாயார் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. நாட்டுப்பற்று மிகுந்தவர் என்பதால் தந்தையாரின் பதவியையும் வருவாயையும் அரசினர் குறைத்தார்கள். வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்து உணவு போட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் குடும்பத்தை அவர் நடத்தினார். மூத்த பெண் ஸோஃபியா டைஃபஸ் காய்ச்சலில் இறந்தாள். 1878இல் தாயாரும் காசநோய்க்கு இரையானார். மான்யாவுக்கு அப்போது பத்து வயது.

பள்ளியில் எல்லாப் பாடமும் ரஷ்ய மொழியில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் மான்யாவின் பள்ளியில் போலந்தின் வரலாற்றைப் போலந்து மொழியிலேயே மறைவாகச் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். ஆய்வாளர் வாயிலில் நுழைந்தவுடன் ஒரு மணி ஒலிக்கும். உடனே போலந்துப் புத்தகங்கள் மறைந்துவிடும்; பெண்கள் எல்லோரும் ஊசியும் நூலுமாகத் தையல் வேலையில் ஆழ்ந்திருப்பார்கள். ஆய்வாளர் யாரேனும் ஒரு மாணவியை எழுப்பிக் கேள்வி கேட்பார். ரஷ்ய மொழியைப் பிழையின்றிப் பேசக்கூடியவள் மான்யா. ஆகையால் எழுந்து நிற்பவளும் பெரும்பாலும் அவள்தான். ஜார் மன்னர்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவிக்க வேண்டும். தன்னை ஆள்பவர் யார் என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் தவறின்றிச் சொல்லி முடித்து, ஆய்வாளர் போன பிறகு அழுதுவிடுவாளாம். வகுப்பில் முதலாவதாக வருவதே ஒருத்திக்குத் தண்டனையாகிற பள்ளிக்கூடம் அது.

1883இல் தங்கப் பதக்கத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தாள். அதற்கு மேல் வழியில்லை. வார்ஸா பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அந்நாளில் போலந்து இளைஞர்கள் பறக்கும் பல்கலைக்கழகம் என்று ஒன்றை நடத்திவந்தார்கள். இன்று ஒருவர் வீடு, நாளை வேறொருவர் வீடு என்று காவலர் கண்ணில் படாமல் இடம் மாறிக்கொண்டே இருந்ததால் அந்தப் பெயர். மான்யாவும் அவள் அக்காள் ப்ரோன்யாவும் அங்கே பயின்றார்கள். ஆயினும் அது பட்டம் தராது, ஆய்வகமும் கிடையாது. ப்ரோன்யாவுக்கு மருத்துவம் படிக்க ஆசை. மருத்துவம் என்றால் பாரிஸுக்குப் போக வேண்டும். இருவரையும் அனுப்பத் தந்தையாரிடம் பணம் இல்லை.

அப்போதுதான் இரு சகோதரிகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். எழுத்தில்லை, சாட்சியில்லை. முதலில் ப்ரோன்யா பாரிஸுக்குப் போவது. மான்யா வேலை பார்த்துப் பணம் அனுப்புவது. ப்ரோன்யா மருத்துவரானதும் மான்யாவை அழைத்துக்கொள்வது. யோசனை தங்கையுடையது. அக்காள் தயங்கினாள், தங்கை விடவில்லை. கியூரி அம்மையாரின் பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் இந்த ஒப்பந்தமே அடிப்படை என்பது என் கருத்து. கொடுத்ததையும் வாங்கியதையும் மறவாத மனம் அது.

1886ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், 18 வயதில், வார்ஸாவுக்கு வடக்கே ஷ்சூக்கி என்ற சிற்றூரில் ஸோராவ்ஸ்கி என்பவர் குடும்பத்தில் வீட்டு ஆசிரியையாக அமர்ந்தாள். ஆண்டுக்கு 500 ரூபிள் சம்பளம். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை சர்க்கரைக் கிழங்கு வயல்கள்; நடுவில் ஓர் ஆலை. பகலில் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம். இரவில் தனக்குத் தானே இயற்பியலும் கணிதமும். இடையில் கிடைத்த நேரத்தில் ஊரிலிருந்த உழவர் வீட்டுக் குழந்தைகளைக் கூட்டிவைத்துப் போலந்து எழுத்துக்களைக் கற்பித்தாள். பிடிபட்டால் கடுந்தண்டனை கிடைக்கும் குற்றம் அது.

அந்த வீட்டு மூத்த மகன் கஸிமியேஷ் வார்ஸாவில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவன். விடுமுறைக்கு வந்தவன் அவளை விரும்பினான்; அவளும் விரும்பினாள். பெற்றோர் மறுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த ஏழைப் பெண் மருமகளாவதாவது! அந்தப் பையனும் பெற்றோரை மீறத் துணியவில்லை. (பிற்காலத்தில் அவர் பெயர் பெற்ற கணிதப் பேராசிரியரானார் என்பது வேறு.) மானமுள்ள எந்தப் பெண்ணும் மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள். மான்யா கிளம்பவில்லை. பாரிஸிலே அக்காள் அவள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கிறாள். ஆகவே வேலைக் காலம் முடியும் வரை, 1889 வரை, அதே வீட்டில், அதே மேசையில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தாள். ரேடியத்துக்காக அவர் பட்ட துன்பங்களைப் பக்கம் பக்கமாக எழுதுவோர் இந்தச் சில ஆண்டுகளை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ கொட்டகையைவிட இதுவே கடினமாகத் தோன்றுகிறது.

1890இல் ப்ரோன்யாவிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் படிப்பு முடியும் தறுவாயில் இருந்தாள். தன்னைப் போலவே போலந்திலிருந்து வந்து மருத்துவம் படித்த துலுஸ்கி என்பவரை மணக்க இருந்தாள். ஆனால் மான்யாவோ உடனே புறப்படவில்லை. வயதான தந்தையாரைத் தனியே விட மனமில்லை. வார்ஸாவில் உறவினர் ஒருவர் பொறுப்பிலிருந்த சிறிய ஆய்வகம் ஒன்றில் மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சோதனைகள் செய்து பார்த்தாள். கையில் கருவிகளைப் பிடித்த பிறகு மனம் வேறிடத்தில் நிற்கவில்லை. 1891 நவம்பரில் ரயிலேறினாள். செலவைக் குறைக்க ஜெர்மனிக்குள் நான்காம் வகுப்புப் பெட்டியில் பயணம். அதில் பலகை இருக்கைகூட இல்லாததால் உட்கார மடக்கு நாற்காலியைக் கையோடு கொண்டுபோனாள். வயது 24. இந்த மலரைப் படிக்கும் நம்மில் பலருடைய வயதுதான்.

இனி அவரை மான்யா என்று அழைப்பது முறையன்று. ஸார்போனில் பதிவு செய்தபோது தம் பெயரைப் பிரெஞ்சு வழக்கப்படி மேரி என்று அவரே எழுதிக்கொண்டார்.

முதலில் அக்காள் வீட்டில்தான் தங்கினார். துலுஸ்கியின் வீடு பாரிஸில் ஒரு குட்டிப் போலந்து. மாலையானால் நண்பர்கள் கூடுவார்கள். தேநீர், பாட்டு, அரசியல், நாடகம். ஒரு விழாவில் போலந்துத் தாயாக வேடமிட்டு நிற்கக்கூட மேரி ஒப்புக்கொண்டார். செய்தியறிந்த தந்தையார் கவலைப்பட்டு எழுதினார்: பாரிஸில் யார் என்ன செய்கிறார்கள் என்று குறிப்பெடுக்க ஆளிருக்கும், திரும்பி வந்து வேலை தேட வேண்டியவள் அல்லவா! தமிழ்ச் சங்க மலரில் இதைச் சொல்வது பொருத்தமில்லைதான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். சில மாதங்களில் மேரி அந்த இனிய கூட்டத்தை விட்டு விலகி, பல்கலைக்கழகத்துக்கு அருகில் ஒரு மாடி அறைக்குக் குடிபோய்விட்டார். தனிமை வேண்டும் என்பது மட்டும் காரணமன்று. தாம் அறிந்திருந்ததாக நினைத்த பிரெஞ்சு, பேராசிரியர்கள் வேகமாகப் பேசும்போது பிடிபடவில்லை. தாமே படித்த கணிதமும் போதவில்லை. பிந்தியதை ஈடுசெய்ய இரவுகள் வேண்டியிருந்தன.

மொழியால் பட்ட அந்தத் தொல்லையை அவர் மறக்கவில்லை போலும். 1924இல் டாக்காவிலிருந்து பாரிஸுக்குச் சென்ற நம் சத்யேந்திரநாத் போஸ், அவருடைய ஆய்வகத்தில் சேர விரும்பிப் போய்ப் பார்த்தார். அம்மையார் அன்போடு, ஆங்கிலத்திலேயே பேசினார். முன்பு வந்த ஓர் இந்திய மாணவர் மொழி தெரியாமல் திண்டாடியதைச் சொல்லி, முதலில் சில மாதங்கள் பிரெஞ்சு கற்றுக்கொண்டு வரும்படி அறிவுரை கூறினார். போஸுக்கோ பிரெஞ்சு நன்றாகவே தெரியும். அதை எடுத்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அம்மையார் இடமும் கொடுக்கவில்லை. பேசாமல் தலையசைத்துவிட்டு வந்தார்.

மாடி அறை வாழ்க்கை நமக்குத் தெரிந்த கதை. குளிர்காலத்தில் பாத்திரத்திலிருந்த நீர் உறைந்துபோகும். இருக்கிற துணியையெல்லாம் போர்வைமேல் குவித்துக்கொண்டு உறங்குவார். ரொட்டியும் தேநீருமாகப் பல நாள் கழியும். ஒரு நாள் மயங்கி விழுந்தபோது மைத்துனர் ஓடிவந்து, அறையில் உணவே இல்லாததைக் கண்டு, வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டு அனுப்பினார். 1893இல் இயற்பியல் தேர்வில் முதலிடம். 1894இல் கணிதத்தில் இரண்டாமிடம்.

இந்த இரண்டு தேர்வுக்கும் இடையில் ஒரு சிறு செய்தி உண்டு. கணிதம் படிக்கக் கையில் பணமில்லாமல் அவர் வார்ஸாவில் தயங்கி நின்றபோது, வெளிநாட்டில் படிக்கும் சிறந்த போலந்து மாணவருக்குரிய அலெக்ஸாண்ட்ரோவிச் உதவித்தொகை, 600 ரூபிள், அவருக்குக் கிடைத்தது. அதனால்தான் திரும்பிச் செல்ல முடிந்தது. சில ஆண்டுகள் கழித்து, எஃகின் காந்தப் பண்புகளை ஆராய்வதற்காக ஒரு சங்கம் கொடுத்த ஊதியத்திலிருந்து 600 ரூபிள் மிச்சம் பிடித்து, அந்த நிதிக்கே அவர் திருப்பி அனுப்பிவிட்டார். அலுவலகத்தார் திகைத்துப்போனார்கள். உதவித்தொகையைத் திருப்பிக் கொடுத்தவர் அதுவரை ஒருவரும் இல்லை. கொடுக்க வேண்டும் என்று விதியும் இல்லை. தம்மைப்போல் ஏதோ ஓர் அறையில் காத்திருக்கும் இன்னொரு பெண்ணுக்கு அந்தப் பணம் சேர வேண்டியது என்பது அவர் எண்ணம். மாதா மாதம் உதவித்தொகை வாங்கும் நாம் இதைக் கேட்டுச் சற்று நெளியத்தான் வேண்டியிருக்கிறது.

1894ஆம் ஆண்டு வசந்தத்தில் பியர் கியூரியைச் சந்தித்தார். எஃகு ஆராய்ச்சிக்கு இடமின்றி அவர் தவித்தபோது போலந்து இயற்பியலறிஞர் ஒருவர் அறிமுகப்படுத்தி வைத்தார். பியருக்கு அப்போது 35 வயது. வெளியுலகம் அறிந்ததைவிடப் பன்மடங்கு பெரிய அறிஞர். தொழிற்பள்ளி ஒன்றில் குறைந்த சம்பளத்தில் வேலை. திருமணம் செய்துகொள்ளக் கேட்டார். மேரி ஒப்பவில்லை. அயல்நாட்டானை மணந்து, தந்தையையும் நாட்டையும் விட்டுவிடுவதா? அவ்வாண்டுக் கோடையில் போலந்துக்கே போய்விட்டார். பியர் விடாமல் கடிதம் எழுதினார். தாமே போலந்துக்கு வந்து, பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுத்தேனும் பிழைத்துக்கொள்ளத் தயார் என்றும் தெரிவித்தார். ஆனால் போலந்தில் மேரிக்கு ஏது இடம்? ஆஸ்திரியாவின் பங்கிலிருந்த க்ராக்கோ பல்கலைக்கழகமும் ஒரு பெண்ணுக்கு வேலை கொடுக்க முன்வரவில்லை. ஊர் திரும்புவது என்றால் ஆராய்ச்சியை மறப்பது என்று பொருள். 1895 ஜூலை 26ஆம் நாள் திருமணம் நடந்தது. மணப்பெண் உடுத்தியது ஆய்வகத்துக்கும் பின்னால் பயன்படக்கூடிய கருநீல உடை. பரிசாக வந்த பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கிக்கொண்டு மணமக்கள் நாட்டுப்புறம் சுற்றிவந்தார்கள்.

அறிவியல் மாணவன் என்ற முறையில் அடுத்த பகுதியைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும். 1896இல் பெக்கரல் யுரேனிய உப்புகளிலிருந்து தாமாகவே ஏதோ கதிர்கள் வெளிவருவதைக் கண்டார். எக்ஸ் கதிர்கள் உலகையே ஆட்டிவைத்த காலம். இந்த மங்கலான கதிர்களை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. முனைவர் பட்டத்துக்குப் பொருள் தேடிய மேரி அதை எடுத்துக்கொண்டார். அவர் செய்த முதல் புத்திசாலித்தனம், நிழற்படத் தகட்டை விட்டு அளவீட்டுக்கு வந்ததே. இக்கதிர்கள் காற்றை மின்கடத்தியாக்கும். அந்த மின்னோட்டம் மிக மிக நுண்ணியது. பியரும் அவர் தமையனார் ஜாக்கும் 1880இல் குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டிருந்தார்கள். அந்தப் படிகத்தில் எடைகளை ஏற்றி, அதன் மின்னூட்டத்தைக் கொண்டு கதிர்களின் மின்னோட்டத்தை ஈடுகட்டி மேரி அளந்தார்.

எந்தச் சேர்மமானாலும் கதிர்வீச்சு அதிலுள்ள யுரேனியத்தின் அளவையே பொறுத்திருந்தது. வெப்பமோ ஒளியோ வேறு தனிமத்தின் சேர்க்கையோ அதை மாற்றவில்லை. எனவே இது மூலக்கூறுகளின் கூட்டுறவால் வருவதன்று; அணுவின் பண்பு என்று முடிவு செய்தார். அணு பிளவுபடாத பொருள் என்று நம்பிய காலத்தில் இது சிறிய முடிவல்ல. பிறகு கைக்குக் கிடைத்த கனிமங்களையெல்லாம் சோதித்தார். பிட்ச்பிளெண்டு என்ற தாது, யுரேனியத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வீரியம் காட்டியது. சால்கோலைட் இரண்டு மடங்கு காட்டியது. தவறாக அளந்தோமோ என்று மீண்டும் மீண்டும் அளந்தார். பின்னர் தூய வேதிப்பொருள்களைக் கொண்டு தாமே சால்கோலைட்டைச் செயற்கையாகச் செய்து அளந்தார். அதன் வீரியம் அதிலுள்ள யுரேனியத்துக்கு உரிய அளவுதான் இருந்தது. ஆக, மண்ணிலிருந்து வந்த சால்கோலைட்டில் யாரும் அறியாத ஏதோ ஒன்று கலந்திருக்கிறது. இந்தச் சோதனையின் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

பியர் தம் படிக ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு மனைவியின் ஆராய்ச்சியில் சேர்ந்துகொண்டார். 1898 ஜூலையில் ஒரு புதிய தனிமத்தை இருவரும் அறிவித்தார்கள். பெயர் வைக்கும் உரிமை மேரிக்கு வந்தது. பொலோனியம் என்று வைத்தார். ரஷ்யரும் ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் நூறாண்டாகப் படத்திலிருந்து அழித்துவைத்த ஒரு நாட்டின் பெயரைத் தனிம அட்டவணையில் எழுதிவைத்துவிட்டார். பீட்டர்ஸ்பர்க்கிலும் பெர்லினிலும் வியன்னாவிலும் வேதியியல் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் இனி அந்தப் பெயரை உச்சரித்தாக வேண்டும். ஜாரின் தணிக்கை அதிகாரி என்ன செய்ய முடியும்? அதே கட்டுரையைப் போலந்து மொழியிலும் எழுதி வார்ஸாவில் ஓர் இதழில் வெளிவரச் செய்தார். அவ்வாண்டு டிசம்பரில் ரேடியத்தை அறிவித்தார்கள்.

தனிமம் இருக்கிறது என்று சொன்னால் வேதியியலார் நம்புவார்களா? எடுத்துக் காட்டு, அணு எடையைச் சொல் என்பார்கள். பொஹீமியாவில் யோவாக்கிம்ஸ்டால் சுரங்கத்தில் யுரேனியம் எடுத்தபின் எறிந்த கழிவை, ஆஸ்திரிய அரசு ஒரு டன் இலவசமாகக் கொடுத்தது. ஊசியிலை உதிர்ந்து கலந்த பழுப்பு மண் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. முன்பு மருத்துவ மாணவர் பிணம் அறுத்த ஒரு கொட்டகை ஆய்வகமாயிற்று. கூரை ஒழுகும், புகைபோக்கி கிடையாது. முற்றத்தில் கொப்பரையை வைத்து, ஒரு முறைக்கு 20 கிலோ வீதம், தம் உயரமிருந்த இரும்புக் கம்பியால் கிளறினார். இறுதிக் கட்டம் பகுதிப் படிகமாக்கல். பேரியம் குளோரைடும் ரேடியம் குளோரைடும் இணைபிரியாமல் வரும். ரேடியம் சற்றுக் குறைவாகக் கரைவதால் முதலில் படியும் படிகத்தில் அது கொஞ்சம் கூடுதலாயிருக்கும். அதை எடுத்துக் கரைத்து மறுபடியும் படியவைக்க வேண்டும். மறுபடியும், மறுபடியும். ஒரு பிற்பகல் முழுவதும் பத்துப் படிகமாக்கல் செய்து, வடிதாளோடு பாதியைத் தொலைத்திருக்கிற நண்பர்களுக்கு, ஆயிரக்கணக்கில் அதைச் செய்வது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. 1902இல் 0.1 கிராம் தூய ரேடியம் குளோரைடு கைக்கு வந்தது. அணு எடை 225 என்று கணக்கிட்டார். இன்றைய மதிப்பு 226.

அந்த வெற்றிச் செய்தியைத் தந்தையார் கேட்டுவிட்டார். ஆனால் அவ்வாண்டு மே மாதம், வார்ஸாவில் அறுவைச் சிகிச்சைக்குப்பின் அவர் இறந்துபோனார். தந்தி கிடைத்து, கடவுச்சீட்டு வாங்கி, இரண்டரை நாள் ரயில் பயணம் செய்து மேரி போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடிவிட்டார்கள். திறக்கச் சொல்லி முகத்தைப் பார்த்து, திரும்பி வந்து உடனிருப்பதாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லையே என்று மன்னிப்புக் கேட்டு அழுதாராம். அவர் தீர்க்க முடியாமல் போன கடன் அது ஒன்றுதான்.

1903இல் முனைவர் பட்டம். அவ்வாண்டின் முடிவிலேயே இயற்பியல் நோபெல் பரிசில் பாதி கியூரி தம்பதியருக்கு, மறுபாதி பெக்கரலுக்கு. பிரெஞ்சு அறிஞர்கள் எழுதிய பரிந்துரையில் மேரியின் பெயரே இல்லை. ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் மிட்டாக் லெஃப்லர் அதைப் பியருக்குத் தெரிவித்தார். மேரியை விட்டுவிடுவது முறையாகாது என்று பியர் எழுதிய பின்னரே பெயர் சேர்ந்தது. ரேடியம் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் கோடீசுவரர் ஆகியிருக்கலாம். அறிவியலின் இயல்புக்கு அது மாறானது என்று இருவரும் விட்டுவிட்டார்கள். பரிசுப் பணத்தில் ஒரு பகுதி, ஸக்கோப்பானே மலையூரில் ப்ரோன்யாவும் கணவரும் நடத்திய காசநோய் மருத்துவமனைக்குப் போயிற்று. தாயாரைக் கொண்டுபோன நோய்.

1906 ஏப்ரல் 19ஆம் நாள் மழை பெய்துகொண்டிருந்தது. டோஃபின் தெருவைக் கடக்கையில் பியர் வழுக்கி ஒரு குதிரை வண்டியின் கீழ் விழுந்து அந்த இடத்திலேயே மாண்டார். 38 வயதில் இரண்டு பெண் குழந்தைகளுடன் மேரி தனியரானார். அரசு தர முன்வந்த உதவிப் பணத்தை மறுத்தார். உழைக்கத் தமக்கு வலுவிருக்கிறது என்றார். ஸார்போன், கணவர் வகித்த பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தது. அங்கே பாடம் நடத்திய முதல் பெண் அவர். நவம்பர் 5ஆம் நாள் பாரிஸ் நகரத்துப் பெருமக்கள் எல்லாம் கண்ணீர்க் காட்சியொன்றை எதிர்பார்த்து வகுப்பறையில் நெருக்கியடித்து நின்றார்கள். அம்மையார் உள்ளே வந்தார், பியர் எந்த இடத்தில் பாடத்தை நிறுத்தியிருந்தாரோ அங்கிருந்து தொடங்கினார், முடித்துவிட்டுப் போய்விட்டார்.

1911ஆம் ஆண்டைப்பற்றி நம் கட்டுரைகள் இரண்டாம் நோபெல் பரிசை மட்டும் சொல்லும். அந்த ஆண்டுதான் பிரான்சு அவரை அயலாள் என்று முகத்துக்கு நேரே சொன்னது. ஜனவரியில் அறிவியல் கழகத் தேர்தலில் சில வாக்குகளில் தோற்கடிக்கப்பட்டார். பெண்ணை முழு உறுப்பினராக ஏற்க அக்கழகத்துக்கு 1979 வரை காலம் பிடித்தது. நவம்பரில் பியரின் மாணவர் பால் லாஞ்ஜெவனுடன் அவருக்கிருந்த காதலைச் செய்தித்தாள்கள் சந்திக்கு இழுத்தன. லாஞ்ஜெவன் மணமானவர், மனைவியோடு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அது சரியா தவறா என்பது அவர்கள் பாடு. ஆனால் ஏடுகள் எழுதியது அதைப்பற்றி மட்டுமன்று. போலந்திலிருந்து வந்த ஒருத்தி பிரெஞ்சுக் குடும்பத்தைக் கெடுத்தாள் என்று எழுதின. ரேடியத்தைக் கண்டபோது அவர் பிரான்சின் பெருமை. இப்போது பிழைக்க வந்தவள். வேற்றூரில் வாழ்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பரிசளிக்கும் விழாவுக்கு வராதிருப்பது நலம் என்று ஸ்வீடனிலிருந்தே ஒரு பேரறிஞர் எழுதினார். பரிசு தம் ஆராய்ச்சிக்கு, தம் சொந்த வாழ்க்கைக்கு அன்று என்று விடை எழுதிவிட்டு அம்மையார் போனார், உரையாற்றினார், வேதியியல் பரிசைப் பெற்றுக்கொண்டார். அவருக்குத் துணையாக உடன் சென்றவர், அக்காள் ப்ரோன்யா.

மறு ஆண்டு வார்ஸாவிலிருந்து ஒரு தூதுக்குழு வந்தது. புதிய கதிரியக்க ஆய்வகத்தை நடத்த வந்துவிடும்படி அழைத்தது. பாரிஸ் அவரைப் படுத்திய பாட்டுக்குப்பின் போயிருக்கலாம். பியரின் கனவான ரேடியம் நிலையம் பாரிஸில் எழும்பிக்கொண்டிருந்த நேரம். நெடுநாள் தவித்து, வர இயலாது என்று எழுதினார். ஆனால் தம் சிறந்த உதவியாளர்கள் இருவரை அனுப்பி, தொலைவிலிருந்தே அதை மேற்பார்த்தார். 1913இல் திறப்புவிழாவுக்குச் சென்று, ஜாரின் ஆட்சியிலேயே, நிறைந்த அவையில் போலந்து மொழியில் அறிவியல் உரையாற்றினார். ஆய்வாளர் முன் எழுந்து நின்று ரஷ்ய மொழியில் ஒப்புவித்த சிறுமி அவர்.

முதல் உலகப் போரில் தம்மைப் பழித்த நாட்டுக்கு அவர் செய்தது சிறிதன்று. 20 மோட்டார் வண்டிகளில் எக்ஸ் கதிர்க் கருவிகளைப் பொருத்தினார்; 200 நிலையங்களை அமைத்தார்; பதினேழு வயது மகள் ஐரீனோடு போர்முனை மருத்துவமனைகளுக்குச் சென்று, வீரர் உடலில் புதைந்த குண்டுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டினார். வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டார். 1918இல் போர் முடிந்தது. போலந்து மீண்டும் நாடாயிற்று.

போருக்குப்பின், ரேடியத்தை உலகுக்கு இலவசமாகக் கொடுத்தவரிடம் ஆராய்ச்சிக்கு ஒரு கிராம் ரேடியம் வாங்கப் பணமில்லை. விலை ஒரு லட்சம் டாலர். அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டினார்கள். 1921 மே மாதம் குடியரசுத் தலைவர் ஹார்டிங் வெள்ளை மாளிகையில் அதை வழங்கினார். முந்திய இரவு பத்திரத்தைப் படித்துப் பார்த்த அம்மையார், ரேடியம் தம் பெயரில் இருக்கக்கூடாது, ஆய்வகத்துக்கே சேர வேண்டும் என்று திருத்தச் சொன்னார். காலையில் செய்யலாம் என்றார்கள். அதற்குள் தாம் இறந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, அன்றிரவே வழக்கறிஞரை வரவழைத்துக் கையெழுத்திட்டார்.

1929இல் மறுபடியும் அமெரிக்காவுக்குப் போனார். கூட்டமென்றாலே அஞ்சுபவர், உடல் நலிந்தவர், கண் மங்கியவர். இந்த முறை கேட்டது தமக்கன்று. வார்ஸாவுக்கு ஒரு கிராம். அங்கே ரேடியம் நிலையம் கட்டச் செங்கல் செங்கலாக நிதி திரட்டியவர் ப்ரோன்யா. 1932 மே மாதம் அந்நிலையம் திறக்கப்பட்டது. புற்றுநோயாளிகள் சிகிச்சைக்கு வந்தார்கள். அக்காள் நிர்வாகி, தங்கை விருந்தினர். 46 ஆண்டுகளுக்குமுன் செய்த ஒப்பந்தத்தில் யார் யாருக்குப் பாக்கி என்று இனி யார் கணக்குப் பார்ப்பது?

ஒன்றை மறைக்கக் கூடாது. ரேடியத்தின் தீமையை ஒப்புக்கொள்ள அவர் மிகவும் தயங்கினார். விரல்கள் வெந்து தடித்தன. கண்களில் புரை விழுந்தது. ரேடியத்தோடு பழகியவர்கள் அங்கங்கே இறந்துகொண்டிருந்தார்கள். ஆயினும் நல்ல காற்றும் ஓய்வும் போதும் என்றே நெடுநாள் சொல்லிவந்தார். தம் பிள்ளையைக் குறை சொல்லப் பொறாத தாயின் மனம் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஆராய்ச்சி செய்பவருக்கு அந்த மனம் ஆகாது. அவருடைய குறிப்பேடுகளில் இன்றும் கதிரியக்கம் இருக்கிறது. பாரிஸ் தேசிய நூலகத்தில் ஈயப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள்.

1934 தொடக்கத்தில் மகள் ஐரீனும் மருமகன் ஃபிரெடெரிக் ழோலியோவும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்துச் சோதனைக் குழாயைக் கொண்டுவந்து காட்டியபோது, வெந்த விரல்களால் அதை வாங்கிப் பார்த்து மகிழ்ந்தார். அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். எலும்பு மஞ்ஞை குருதியை உண்டாக்கும் ஆற்றலை இழந்ததே காரணம் என்றார்கள் மருத்துவர்கள். ஸோ என்ற ஊரில் பியரின் கல்லறை மேலேயே அவரை அடக்கம் செய்தார்கள். உரை இல்லை, ஊர்வலம் இல்லை. ப்ரோன்யாவும் அண்ணன் யோஸெஃபும் போலந்திலிருந்து கொண்டுவந்த மண்ணைக் குழியில் தூவினார்கள்.

1995இல் பிரெஞ்சு அரசு அவ்விருவரின் உடல்களையும் நாட்டின் பெரியோர் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்குக் கொண்டுபோனது. தம் சொந்தப் பணியின் சிறப்பால் அங்கே இடம்பெற்ற முதல் பெண் அவர். வார்ஸா நிலையம் இரண்டாம் உலகப் போரின் அழிவுக்குப்பின் மீண்டும் எழுந்து, இன்று போலந்தின் தேசியப் புற்றுநோய் நிலையமாக இருக்கிறது. அதன் வாயிலில் உள்ள பெயர் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி.